இராஜேந்திரனுக்கு வெட்டிய திறப்புகள்

வெம்பிளியில், ஒரு சேலைக்கடைக்கும் ஒரு மரக்கறிக்கடைக்கும் நடுவே நசுங்கிக் கிடந்த சின்னக் கடையில் பத்மநாதன் திறப்பு வெட்டிக்கொண்டிருந்தார். சாவி என்று கேட்டு வருகிற இந்தியத் தமிழர்களுக்கும் வெட்டிக் கொடுப்பார்தான். ஆனால் வெட்டி முடிந்து நீட்டும்போது "இந்தாங்கோ திறப்பு" என்று திருத்திவிட்டுத்தான் கொடுப்பார். சப்பாத்துக்கு அடி ஒட்டுவதும் மணிக்கூட்டுக்குப் பற்றறி போடுவதும் அந்தக் கடையில் நடந்தன. அதையெல்லாம் அவர் தொழில் என்று சேர்த்துக்கொள்வதில்லை. லண்டனுக்கு வருமுன் ஜேர்மனியில் ஒரு பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்த மிதப்பு இன்னும் இறங்கவில்லை.

சொந்தக்காரர்களுக்குப் பூட்டு விஷயத்தில் அவர் சொல்வதே தீர்ப்பு. பாரிஸில் ஒருவர் வீடு மாறினாலும் ரொறொன்ரோவில் ஒருவர் கடை திறந்தாலும் திறப்பு தபாலில் வெம்பிளிக்கு வரும், ஒன்று இரண்டாகித் திரும்பிப் போகும். அந்தந்த ஊர்களிலும் தெருவுக்குத் தெரு திறப்பு வெட்டுகிறவன் இருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் அனுப்பினார்கள். அனுப்பாவிட்டால் பத்மநாதன் அடுத்த கலியாண வீட்டில் முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஒற்றைத் திறப்போடு ஒரு வீடு இருக்கிறது என்று கேள்விப்பட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எதற்கும் இரண்டு வேண்டும், ஒன்று கையில், ஒன்று வீட்டில். இதை அவர் ஏறக்குறைய ஒரு சமயம் போலக் கடைப்பிடித்து வந்தார்.

2009 தை மாதம், ஹூஸ்டனிலிருந்து இராஜேந்திரன் போன் எடுத்தார். பத்மநாதனின் தங்கை கலாவதியின் புருஷன். அங்கே ஒரு பெற்றோல் ஸ்டேஷன் நடத்துகிறவர்.

"மச்சான், உங்களிட்டை ஒரு விசயம் கேக்கவேணும். துவக்கு ஒண்டு வாங்கப்போறன்."

பத்மநாதன் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். விஷயம் இதுதான்: அதற்கு முந்தின கிழமை இராஜேந்திரனின் ஸ்டேஷனுக்குள் ஒருவன் வந்து, கைத்துப்பாக்கியைக் கவுண்டரில் வைத்து, இருந்ததை வழித்துக்கொண்டு போயிருந்தான். போகும்போது, இந்த நாள் உங்களுக்கு நல்ல நாளாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டும் போனானாம். காசு போனதைவிட அந்த மரியாதைதான் இராஜேந்திரனுக்கு உறைத்திருந்தது.

"கடைக்காரன் ரெண்டு விதம் காட்டுறான்," என்றார் இராஜேந்திரன். "ஒண்டு சும்மா. மற்றதுக்கு உடம்புக்குள்ளையே பூட்டு கிடக்குது. சின்னத் திறப்பு ஒண்டாலை திருப்பிவிட்டால் விசை இறுகிப் போகுமாம், ஆராலையும் சுட ஏலாதாம். எது நல்லது?"

துப்பாக்கி பத்மநாதனுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் இலங்கை ஆமி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறார், இந்திய ஆமி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறார், பக்கத்து வீட்டுப் பெடியன்கள் வைத்திருந்ததையும் பார்த்திருக்கிறார். அவற்றில் எதற்கும் பூட்டு இருந்ததாக அவருக்கு நினைவில்லை. லண்டனுக்கு வந்தபின் அந்தச் சாமானையே கண்ணால் காணவில்லை. இங்கே சாதாரண சனம் கைத்துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் விடாது, தெருவில் போகிற பொலிஸ்காரன் இடுப்பிலும் தடிதான் தொங்கும். ஆகையால், எனக்குத் தெரியாது மச்சான் என்று ஒரு வசனத்தோடு அவர் அந்தப் போனை வைத்திருக்கலாம். பூட்டு விஷயத்தில் அந்த வசனம் அவர் வாயில் வந்ததே கிடையாது.

"உள்பூட்டு உள்ளதை எடும்," என்றார். "வெளியிலை கொழுவுற பூட்டெண்டால் கழட்டி எங்கையேன் வைச்சிட்டு மறந்துபோவீர். உடம்போடை கிடக்கிற பூட்டு எங்கை போறது? வீட்டிலை உம்மடை மகன் துஷாந்தனும் வளர்ந்த பெடியன். எடும், யோசிக்காதையும்."

"கள்ளன் வந்தால்? திறப்பைத் தேடிக்கொண்டு நிக்கிறதே?"

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த கமலாம்பிகை, பத்மநாதனின் மனைவி, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "கள்ளனுக்கு ஒரு கதிரையைப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்கோ. திறப்பு எடுபடுமட்டும் இருக்கட்டும்."

பத்மநாதன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்டேஷனில் நிற்கும்போது திறந்து வைத்திரும், வீட்டுக்குக் கொண்டுவந்தால் பூட்டிவிடும் என்று தீர்ப்பை நிறைவு செய்தார். அதோடும் விடாமல், பூட்டின் சரித்திரத்தில் வெளிப்பூட்டு ஏன் தோற்றது, உள்பூட்டு ஏன் வென்றது என்று ஹூஸ்டன் கட்டணத்தில் பேசிக்கொண்டே போனார். மீன் குழம்பு கொதித்து இறங்கிவிட்டது.

இராஜேந்திரன் பூட்டுள்ளதையே வாங்கினார். வாங்கிய அன்றே போன் எடுத்து, பெட்டிக்குள் இரண்டு திறப்பு இருக்கிறது என்று சொன்னார். பத்மநாதனுக்கு அந்தத் தயாரிப்பாளன்மேல் மரியாதை வந்தது.

பிறகு வைகாசி வந்தது.

இராஜேந்திரனின் தம்பி பரமேஸ்வரன், மனைவி பிள்ளைகளோடு, கடைசிச் சண்டை நடந்த வன்னியில் இருந்தான். பத்மநாதன் கடையைப் பூட்டிவிட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால் சனத்தோடு சனமாகப் போய் நின்றார், கத்தினார், தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தார். அந்த நாட்களில் இராஜேந்திரன் நேரம் காலம் பார்க்காமல் போன் எடுத்து, லண்டனில் ஏதாவது செய்தி தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாதம் முடியுமுன் செய்தி வந்தது. பரமேஸ்வரன் வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு இராஜேந்திரன் போன் எடுக்கவில்லை. இங்கிருந்து எடுத்தாலும் கலாவதிதான் பேசினாள். அவர் ஸ்டேஷனில் நிற்கிறார், அவர் குளிக்கிறார், அவர் படுத்துவிட்டார் என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொன்னாள். பத்மநாதனுக்கும் என்ன பேசுவது என்று தெரியாதபடியால், அவர் குளிக்கிறார் என்று கேட்டபோது உள்ளூர ஒரு நிம்மதிதான். அதை நினைத்துப் பின்னால் வெட்கப்பட்டார்.

ஆவணியில் பத்மநாதனின் மகள் விதுஷாவுக்குக் கலியாணம். ஹூஸ்டனிலிருந்து கலாவதி தனியாக வந்து இறங்கினாள். ஸ்டேஷனை மூட ஏலாது, துஷாந்தன் தகப்பனோடு நிற்கிறான் என்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். கலியாண வீட்டில் ஓடி ஓடி வேலை செய்தாள், எல்லோரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், தான் சாப்பிட்டதை ஒருவரும் காணவில்லை.

மறுநாள் அவள் குனிந்து தேத்தண்ணிக் கோப்பையை வைத்தபோது சட்டைக்குள் இருந்த தாலிக்கொடி வெளியே விழுந்தது. தாலிக்குப் பக்கத்தில், ஊசியில் கோத்தபடி, ஒரு சின்னத் திறப்பு தொங்கியது. விரல் நகம் அளவில் ஒரு குழாய், நுனியில் ஒரேயொரு பல்.

"உது என்ன திறப்பு?" என்றார் பத்மநாதன்.

"சூட்கேஸ் திறப்பு, அண்ணை," என்று சொல்லிக் கொடியை உள்ளே போட்டுக்கொண்டாள்.

உலகத்தில் எந்தச் சூட்கேஸுக்கும் அப்படியொரு திறப்புக் கிடையாது. தங்கை பொய் சொன்னது ஒரு பக்கம் இருக்க, அதைத் தன்னிடம், திறப்பு விஷயத்தில், சொல்லிவிட்டாளே என்பதுதான் அவருக்கு மனத்தாங்கலாக இருந்தது. அன்று பின்னேரம் பெண்கள் எல்லோரும் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போனார்கள். அவர் கடைக்குப் போனார்.

கடைப் போன் அடித்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இராஜேந்திரனின் குரல்.

"மச்சான், அந்தத் துவக்குத் திறப்பு ரெண்டையும் காணேல்லை. கலா அங்கை கொண்டுவந்திட்டாபோலை கிடக்குது. பாத்து ஒண்டு வெட்டி அனுப்புங்கோ. அவவுக்குச் சொல்லவேண்டாம், சும்மா பயப்பிடுவா."

"ரெண்டும் இல்லையோ?" என்றார் பத்மநாதன். திறப்பே இல்லாத ஒரு பூட்டு என்று கேட்டதும் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. "உடனை வெட்டி அனுப்புறன். ரெண்டாவே அனுப்புறன்."

வீட்டுக்கு வந்தபோது அவர் உற்சாகமாகத்தான் இருந்தார். துப்பாக்கித் திறப்பு அவர் இதுவரை வெட்டியதில்லை. சொல்லவேண்டாம் என்று இராஜேந்திரன் சொன்னதை வாசற்படிவரை காப்பாற்றினார். அதற்குமேல் ஒரு ரகசியத்தையும் அவரால் கொண்டுபோக முடிந்ததில்லை.

"பிள்ளை, அந்தச் சூட்கேஸ் திறப்பை ஒருக்காத் தா. மச்சான் ஒண்டு வெட்டிக் கேக்கிறார்."

கலாவதி கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டாள். பிறகு, நின்ற இடத்திலேயே, படியில் உட்கார்ந்துவிட்டாள். கமலாம்பிகை ஓடிவந்து பக்கத்தில் இருந்தாள்.

"விடிய எழும்பி கராஜுக்கை போய்க் காருக்குள்ளை இருக்கிறார், அண்ணை," என்றாள் கலாவதி. "மடியிலை அது. வேறை ஒண்டும் செய்யிறேல்லை. பூட்டுறார், திறக்கிறார். பூட்டுறார், திறக்கிறார். நான் கதவுக்கு இஞ்சாலை நிண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பன். பிறகு உள்ளை வந்து தேத்தண்ணி கேப்பார். அதைத் தாங்கோ எண்டு கெஞ்சிப் பாத்தன். ஸ்டேஷனுக்கு வேணும் எண்டார். அதைத் தொட எனக்குப் பயமாக் கிடக்கு. திறப்பைத் தொடலாம்தானே. பூட்டியிருந்த நேரம் பாத்து ரெண்டையும் எடுத்துக்கொண்டு வந்திட்டன்."

பத்மநாதனுக்கு ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது, வாயில் வந்தது பழக்கதோஷம்தான்.

"மற்றத் திறப்பு எங்கை?"

"இண்டைக்குப் பிள்ளையாற்ரை உண்டியலுக்கை போட்டிட்டன்."

எண்ணுகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அந்த யோசனையும் போய்விட்டது. கள்ளனைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார், துஷாந்தனைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார், அத்தனை நேரப் பேச்சில் துப்பாக்கிக்குச் சொந்தக்காரனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லையே. யாரைப் பூட்டி வெளியே வைக்கவேண்டுமோ அவன் கையிலேயே இரண்டு திறப்பையும் கொடுக்கிற பூட்டை, எடும், யோசிக்காதையும் என்று சொன்ன வாய் இது.

"அவருக்கு அங்கை வாங்க ஏலாதோ?" என்று கேட்டாள் கமலாம்பிகை.

"துவக்குக் கடையிலை போய்க் கேட்டால் உடனை குடுப்பாங்கள், மச்சாள். அந்தச் சாதித் துவக்கு எல்லாத்துக்கும் ஒரே திறப்புத்தானாம். வாங்கேக்கையே சொன்னவங்கள்."

"எல்லாத்துக்கும் ஒரே திறப்போ?" என்றார் பத்மநாதன். அந்தத் தயாரிப்பாளன்மேல் தைமாதம் வந்த மரியாதை அந்த இடத்தில் செத்தது.

"அப்ப ஏன் இவரிட்டைக் கேக்கிறார்?" என்றாள் கமலாம்பிகை.

கேட்டுவிட்டு அவளே தொடர்ந்தாள். "இஞ்சேருங்கோ, இவ்வளவு நாளும் வாய் திறக்காத மனுசன் உங்களோடை கதைச்சிருக்கிறார். நீங்களும் அவரோடை கதையுங்கோ."

"நான் என்னத்தைக் கதைக்கிறது? எனக்குப் பூட்டைத் தவிர என்ன தெரியும்?"

"அதைக் கதையுங்கோ."

கலாவதி கொடியைக் கழற்றாமலே திறப்பை மட்டும் எடுத்து நீட்டினாள். அவர் உள்ளங்கையில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அளவு மனதில் விழுந்துவிட்டது.

மறுநாள் கடையில் ஒரு குழாயை எடுத்து அராவத் தொடங்கினார். சரியாக வெட்டுவது கைக்குப் பழகிய வேலை. பிழையாக வெட்டுவது அப்படியல்ல. அப்பட்டமாகப் பிழைத்தால் இராஜேந்திரனுக்குத் தெரிந்துவிடும். துளைக்குள் போகவேண்டும், இடம் பிடிக்கவேண்டும், திரும்புவதுபோல ஒரு நினைப்புக் காட்டவேண்டும், திரும்பக்கூடாது. கை தன்பாட்டில் சரியான அளவுக்கே போய்க்கொண்டிருந்தது. இரண்டு குழாய் சரியாக வந்து வீணாகிப்போயின. மூன்றாவதில் பல்லை ஒரு மயிரளவு கட்டையாக்கினார். ஜேர்மனியில் இப்படியொன்றைக் கண்டால் மேஸ்திரி எல்லோருக்கும் முன்னால் தூக்கிக் காட்டியிருப்பான். கடித உறையில் போட்டு ஒட்டும்போது அவருக்கு உடம்பு கூசியது. இரண்டு அனுப்புகிறேன் என்றவர் ஒன்றைத்தான் அனுப்பினார்.

கலாவதி தன்னிடமிருந்த திறப்பைக் கமலாம்பிகையிடம் விட்டுவிட்டு ஹூஸ்டனுக்குத் திரும்பிப் போன கையோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இராஜேந்திரன் போன் எடுத்தார்.

"மச்சான், போகுது, ஆனால் திரும்புதில்லை."

"எவ்வளவு தூரம் போகுது? அடியிலை முட்டுதோ? திருப்பேக்கை கைக்கு இறுக்கமாத் தெரியுதோ, வழுக்குதோ?" பத்மநாதன் ஒரு வைத்தியரைப்போலக் கேட்டுக்கொண்டே போனார். இராஜேந்திரன் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். பல் கட்டையாக்கும், இன்னொன்று வெட்டுகிறேன் என்றார் பத்மநாதன். அடுத்தது பல் நீண்டுபோனது. அதற்கு அடுத்தது குழாய் கொழுத்துப்போனது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு திறப்பின் குற்றம் விசாரிக்கப்பட்டது. விசாரணை முடிந்தபிறகு, ஹூஸ்டனில் வெயில் எப்படி, துஷாந்தன் படிக்கிறானா, கறிக்கு என்ன என்று பேச்சு நீண்டது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, பேச்சு முடிந்தபிறகும் இராஜேந்திரன் போனை வைக்கவில்லை.

"பரமேஸ் கடைசியாக் கதைச்சபோது என்ன சொன்னவன் தெரியுமோ, மச்சான்? வீட்டைப் பூட்டிப்போட்டுத்தான் வந்தனான், திறப்புப் பொக்கற்றுக்கை கிடக்கு எண்டவன். வீடு இருந்துதோ எண்டே அவனுக்குத் தெரியாது."

ஆறுதல் சொல்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று பத்மநாதன் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"என்ன பூட்டு?" என்று கேட்டார்.

"ஆமைப்பூட்டு. பித்தளை."

"பித்தளை நல்லது. கறள் பிடிக்காது."

"ஓம்," என்றார் இராஜேந்திரன். அதற்குப் பிறகு அங்கே அழுகிற சத்தம் கேட்டது. பத்மநாதன் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தானும் அழுதார். குசினியிலிருந்து எட்டிப் பார்த்த கமலாம்பிகை ஒன்றும் கேட்காமல் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

இதற்கிடையில் கதை வெளியே பரவியிருந்தது. பத்மநாதனுக்குக் கை தளர்ந்துபோச்சு, ஒரு சின்னத் திறப்பை மாதக்கணக்காக வெட்டுகிறார், ஒன்றும் சரிவரவில்லை என்று ரொறொன்ரோவில் பேசிக்கொண்டார்கள். அங்கே இருக்கிற அவருடைய பெரியம்மா மகள் அருமைநாயகி, புது வீட்டுத் திறப்பைப் பக்கத்துக் கடையில் வெட்டிவிட்டாள் என்று செய்தி வந்தது. பாரிஸிலிருந்து கார்த்திகை மாதம் முழுக்க ஒரு உறையும் வரவில்லை. முந்தின பத்மநாதனாக இருந்தால் ஆளுக்கு ஆள் போன் போட்டு அறுத்திருப்பார். இப்போது பேசாமல் சப்பாத்துக்கு அடி ஒட்டிக்கொண்டிருந்தார். வலிக்காமல் இல்லை, நன்றாகவே வலித்தது.

மார்கழியில், வெம்பிளியில் பனி கொட்டிக் கிடந்த ஒரு காலை, கலாவதி போன் எடுத்தாள்.

"அண்ணை, அதைக் குடுத்திட்டார். தானாத்தான் துஷாந்தனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பொலிசிலை ஒப்படைச்சவர். போன மாசமே. எனக்கே இப்பத்தான் சொன்னவர். டொக்டரிட்டையும் போறார். இப்ப விடிய எழும்பி எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தாறார், அண்ணை."

பத்மநாதன் போனை வைத்துவிட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, பனியில் வழுக்கி வழுக்கிக் கடைக்குப் போனார். வாடிக்கை ஒன்றும் இல்லை. ஒரு குழாயை எடுத்தார். இனிப் பயமில்லை, பூட்டே இல்லை. நாலு மாதமாக அடக்கி வைத்திருந்த கையை அவிழ்த்துவிட்டார். பல் வந்து விழுந்தது, ஒரு மயிர் கூடவுமில்லை, குறையவுமில்லை. அப்படியொரு திறப்பை அவர் ஜேர்மனியிலும் வெட்டியதில்லை. துணியால் துடைத்து, மினுக்கி, தபாலில் போட்டார். ஏன் போட்டார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. வெட்டத் தெரிந்தவன்தான் என்று இராஜேந்திரனுக்கு ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது.

உறை போய்ச் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான நேரத்துக்கு, போன் அடித்தது.

"மச்சான், இதுவும் சரிவரேல்லை," என்றார் இராஜேந்திரன்.

பத்மநாதன் கதிரையில் நேராக உட்கார்ந்தார். "போட்டுப் பாத்தனீரோ?"

"ஓம், போட்டுப் பாத்தனான். போகுது. திரும்புதில்லை."

கமலாம்பிகை வாசலில் நின்று கணவனின் முகத்தைப் பார்த்தாள். வாழ்நாளில் வெட்டிய திறப்புகளிலேயே சிறந்த திறப்பை ஒருவன் பழுது என்று சொல்கிறான், இந்த மனுசன் என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்தாள்.

"பல் கொஞ்சம் கட்டைபோலை," என்றார் பத்மநாதன். "எனக்கும் கை முந்தி மாதிரி இல்லை. இன்னொண்டு வெட்டுறன்."

"வெட்டுங்கோ, மச்சான்," என்றார் இராஜேந்திரன். "ஆறுதலா வெட்டுங்கோ. அவசரமில்லை."

"சரி. அங்கை இண்டைக்குக் கறிக்கு என்ன?" என்று கேட்டுவிட்டுப் பத்மநாதன் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார்.